விபத்து இழப்பீடு: ஆஸ்பத்திரிக்கே தேடி வந்த ஏஜென்ட்டா, உள்ளூர் வக்கீலா?

கேள்வி: திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் தம்பிக்கு 28 வயது, டைல்ஸ் ஒட்டும் வேலை பார்க்கிறான். இரண்டு மாதத்துக்கு முன் உளுந்தூர்பேட்டை அருகே பைக்கில் போனபோது பின்னால் வந்த லாரி மோதி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கே ஒருவர் வந்து, "சென்னையில் பெரிய வக்கீல் இருக்கிறார், கையிலிருந்து ஒரு பைசா வேண்டாம், வருகிற பணத்தில் 30 சதவீதம் கொடுத்தால் போதும்" என்று சொல்லி, எழுதாத தாள்களில் கையெழுத்துக் கேட்கிறார். உள்ளூர் வக்கீலை வைத்தால் தொகை குறையும் என்கிறார். உண்மையா?

பதில்: உண்மை இல்லை. முதலில், அந்தத் தாள்களில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், வேறு வக்கீலுக்கு வக்காலத்து கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வருகிற தொகையில் பங்கு பேசுவதையும், ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்திருக்கின்றன. ஆஸ்பத்திரி வார்டில் விதியை மீறி அறிமுகமாகிறவர், நாளை செக் வரும் நாளில் எப்படி நடந்துகொள்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

மனுவை எங்கே போடுவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவுப்படி விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் ஆகிய மூன்றில் எந்தப் பகுதியின் தீர்ப்பாயத்திலும் மனு செய்யலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அலுவலகம் இருப்பதைக் காட்டிச் சென்னையிலும் போட முடியும். ஆனால் உடைந்த காலோடு தம்பி சாட்சி சொல்லப் போக வேண்டும். வேலை கொடுத்த மேஸ்திரி போக வேண்டும். மருத்துவர் தரப்பிலிருந்து ஆவணம் வர வேண்டும். இவர்கள் எல்லோரும் உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறார்கள்? ஆகவே உங்கள் பகுதித் தீர்ப்பாயத்தில், அங்கே தினமும் நிற்கிற ஒரு வக்கீலை வைத்து நடத்துவதுதான் என் யோசனை.

தொகை எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் "பெரிய வக்கீல்" என்ற பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்பது புரியும். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழ் உள்ள சுயதொழிலாளிக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அது காய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2020இல் தெளிவாக்கிவிட்டது. ஆக மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. 26 முதல் 30 வயதுக்குப் பெருக்கல் எண் 17. இது 2009இல் சரளா வர்மா தீர்ப்பில் வந்த அட்டவணை. பெருக்கினால் 42,84,000. இதில் தம்பி இழந்த உழைப்புத் திறன் எத்தனை சதவீதமோ அதுதான் வருமான இழப்புக்கான தொகை. 15 சதவீதம் என்று முடிவானால் 6,42,600. 30 சதவீதம் என்றால் 12,85,200.

வழக்கே இந்தச் சதவீதத்தில்தான் இருக்கிறது. மெடிக்கல் போர்டு தருவது உடல் ஊனத்தின் சதவீதம். தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது, அந்த ஊனம் அவருடைய வேலையை எவ்வளவு பாதித்தது என்பதை. 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது: இடது கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ தன் தொழிலையே இழக்கலாம், அதே கையை இழந்த அரசு குமாஸ்தாவுக்கு வேலை போகாமலே இருக்கலாம். டைல்ஸ் ஒட்டுகிறவர் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் வேலை செய்பவர். முட்டி மடங்கவில்லை என்றால் மேசை வேலைக்காரருக்கு அது சிரமம், உங்கள் தம்பிக்கோ பிழைப்பே போய்விடும். இதை மேஸ்திரியின் வாயாலும் மருத்துவர் வாயாலும் நீதிபதி முன் பதிய வைக்கிற வக்கீல்தான் உங்களுக்கு வேண்டும். அவர் அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்பதால் தொகை ஒரு ரூபாய்கூட அதிகமாகாது.

வருமானத்துக்கு ஆதாரம் இல்லையே என்று கவலைப்படுவீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் எடுத்து வையுங்கள். ஜிபேயில் கூலி வந்த பதிவுகள், வங்கி ஸ்டேட்மென்ட், வேலை செய்த வீடுகளின் விவரம் எல்லாமே உதவும். எதுவும் இல்லாவிட்டால் தீர்ப்பாயமே ஒரு தொகையை உத்தேசமாக வைக்கும். அது அவர் வாங்கிய கூலியைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும்.

இன்னொரு காகிதத்தை உடனே பாருங்கள்: விபத்தன்று ஆஸ்பத்திரியில் பதிந்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி. பதற்றத்தில் கூட வந்த யாரோ சொன்னதைக் கேட்டு "பைக் சறுக்கி விழுந்தார்" என்று எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. இன்சூரன்ஸ் தரப்பு முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான். அப்படி இருந்தால் இப்போதே வக்கீலிடம் சொல்லுங்கள். விபத்தைப் பார்த்தவரை சாட்சியாகக் கொண்டுவர வேண்டியிருக்கும். எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய குறிப்பு), அந்த இடத்தின் வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகலும் தேவைப்படும். மருந்துச் சீட்டு, ஆட்டோ வாடகை ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவை என்றால், அதன் உத்தேசச் செலவை மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள அம்மா கூலி வேலையை விட்டிருந்தால் அதையும் மனுவில் சொல்ல வேண்டும். பல குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை.

காலக்கெடு பற்றி: 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்ற விதி அமலில் இருக்கிறது. அது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது என்றாலும், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். சிகிச்சை முடியட்டும் என்றும் தள்ள வேண்டாம். மனுவை இப்போது போட்டுவிட்டு ஊனச் சான்றைப் பிறகு சேர்க்கலாம். வட்டியும் பெரும்பாலும் மனு போட்ட நாளிலிருந்துதான் கணக்காகும்.

சரி, வக்கீலை எப்படித் தேர்வது? ஒரு முற்பகல் தீர்ப்பாயத்தில் போய் உட்காருங்கள். விபத்து வழக்குகளில் யார் எழுந்து சாட்சியைக் கேள்வி கேட்கிறார், யார் வாய்தா மட்டும் வாங்கிப் போகிறார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள். மெடிக்கல் போர்டுக்கு எப்போது அனுப்பச் சொல்லிக் கேட்பார், விசாரணையை அவரே நடத்துவாரா, ஃபீஸ் எவ்வளவு, எத்தனை தவணை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மனு பதிவானதும் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி எண்) வாங்கினால், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா எப்போது என்று நீங்களே பார்க்கலாம். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, கையெழுத்திட்ட செக் எதையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். தொகை தம்பி பெயரில் உள்ள கணக்குக்கே நேராக வர வேண்டும்.

ஃபீஸ் கொடுக்க வழியே இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இடையில் இன்சூரன்ஸ் கம்பெனி சமரசம் பேசலாம். குறைவான தொகை என்பதாலேயே மறுக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். வீட்டில் வட்டிக் கடன் ஏறிக்கொண்டிருந்தால் சீக்கிரம் கிடைப்பதும் உதவிதான். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். யார் தவறு என்று பார்க்காமல் கொடுங்காயத்துக்கு 164ஆம் பிரிவில் கிடைப்பது இரண்டரை லட்சம். அதை ஏற்றுக்கொண்டால் 166இல் போட்ட மனு அதோடு முடிந்துவிடும். லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) ஒப்புக்கொண்ட தொகையின் மேல் அப்பீல் கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

தம்பி கொஞ்சம் தேறி, கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கிடைத்தால் தாராளமாகப் போகட்டும். வழக்கு கெட்டுவிடும் என்று பயந்து வீட்டிலேயே முடங்க வேண்டாம். எவ்வளவு சம்பளம் என்பதை வக்கீலிடமும் கூண்டிலும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். டைல்ஸ் வேலையில் வந்ததற்கும் இப்போது வருவதற்கும் உள்ள வித்தியாசம் அவர் இழப்பைக் காட்டும் ஆதாரமாகவே நிற்கும்.