பீடியை விட்டால்தான் ஆபரேஷனா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. பாபநாசம் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். தொடை இடுக்கில் குடலிறக்கம். பீடி பழக்கம் உண்டு. உடம்பு வலிக்கென்று தினமும் சாயங்காலம் குடிப்பார். தனியார் டாக்டர் ஒருவர், "ரெண்டையும் விட்டுட்டு வாங்க, இல்லேன்னா வேற இடம் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார். டாக்டர் இப்படி மறுக்கலாமா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: "விட்டுட்டு வாங்க" என்றதில் நியாயம் இருக்கிறது. "வேற இடம் பாத்துக்குங்க" என்றதை என்னால் ஏற்க முடியவில்லை.

பீடி குடிப்பவருக்கு மயக்க மருந்து கொடுத்தால் நுரையீரலில் சளி கட்டும், புண் ஆறத் தாமதமாகும். ஆபரேஷன் முடிந்து விடாமல் இருமினால், தையல் போட்டு, குடல் மறுபடி பிதுங்காமல் தாங்க வலை வைத்த இடத்தில்தான் அத்தனை அழுத்தமும் விழும். குடலிறக்கம் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம். குறைந்தது 4 வாரம் முன்னாலேயே புகையை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அவசரமில்லாத ஆபரேஷனை அதற்காகத் தள்ளிப்போடுவது வைத்தியத்தில் ஒரு பகுதிதான். ஆனால் தள்ளிப்போடுகிறவர் தேதி சொல்ல வேண்டும், பழக்கத்தை விட வழி காட்ட வேண்டும், விட முடியாமல் போனால் அடுத்து என்ன என்றும் சொல்ல வேண்டும். இவை எதுவும் இல்லாமல் அனுப்பிவிட்டால் அது தண்டனை. நாளெல்லாம் 40 கிலோ மூட்டை சுமந்து, அரசே கடை வைத்து விற்பதை வாங்கிக் குடிக்கும் மனிதரைத் தண்டிக்கும் வேலை டாக்டருடையது இல்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு இடத்தில் விரட்டப்பட்டவர், அடுத்த இடத்தில் "பழக்கம் எதுவும் இல்லை" என்று சொல்லிவிடுவார். தினமும் குடிக்கிறவர் வார்டில் படுத்துத் திடீரென்று நிறுத்தினால், கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் எவ்வளவு குடிக்கிறார் என்பதை மயக்க டாக்டரிடம் மறைக்கவே கூடாது. வீட்டிலும் நீங்களாக ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, மருந்தோடு நிறுத்துங்கள். பீடிக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

சட்டத்தைக் கேட்டீர்களானால், 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள்படி, வருகிற எல்லாரையும் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தனியார் டாக்டருக்கு இல்லை. ஆனால் வைத்தியத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, முறையாகத் தெரிவிக்காமல் நடுவில் கைவிடக் கூடாது. அவசரம் என்றால் பேச்சே இல்லை: அரசோ தனியாரோ, உயிர் காக்கும் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

உங்கள் அப்பா விஷயத்தில் அந்த அவசரம் எப்படி வரும் தெரியுமா? வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகும், வலி தாங்க முடியாது, வாந்தி வரும். குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். பீடி, குடி எதையும் யோசிக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் பழக்கத்தைக் காரணம் காட்டி யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

அப்படி எதுவும் இல்லையென்றால், கும்பகோணம் அரசு மருத்துவமனையிலோ தஞ்சாவூரிலோ அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அதுவரைக்கும் மூட்டை தூக்க வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகும் கனமான வேலைக்கு ஏறக்குறைய 6 வாரம் போகக் கூடாது. குறுவைக் கொள்முதல் ஓய்ந்ததும் ஐப்பசிக் கடைசியில் பீடியை நிறுத்தினால் கார்த்திகைக் கடைசியில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம்; தை பிற்பாதியில் சம்பா மூட்டைக்குத் திரும்பலாமா என்று ஆபரேஷன் செய்கிற டாக்டரையே கேட்டுக்கொள்ளுங்கள்.