லேடெக்கும் உங்கள் எடிட்டரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ‘எடிட்டரில் கம்பைல் ஆக மாட்டேன் என்கிறது’ என்ற ஒரே புகாரின் வேறு வேறு வடிவங்கள். பதிலுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுதியதை அச்சுக்கோத்துப் பிடிஎஃப் ஆக்குவது லேடெக் என்ற புரோகிராம், அந்த வேலைதான் கம்பைல். எடிட்டர் என்பது ஃபைலை எழுதித் திருத்தும் மென்பொருள், அதற்கு அச்சுக்கோக்கத் தெரியாது. ஃபைலைச் சேமிக்கும், லேடெக்கைக் கூப்பிடும், லேடெக் கக்கும் லாக்கை, அதாவது வேலைப் பதிவை, படித்துக் காட்டும், அவ்வளவுதான். எனவே எந்தத் தொல்லை வந்தாலும் முதலில் டெர்மினலில் (கமாண்டுகளை அடித்து ஓட்டும் ஜன்னல்) அதே ஃபைலைக் கம்பைல் செய்து பாருங்கள். அங்கேயும் ஓடவில்லை என்றால் எடிட்டர் செட்டிங்ஸைக் கிளறிப் பயனில்லை.

கமாண்டு, ஆப்ஷன் பெயர்களை இங்கே ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். உங்கள் ஃபைலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

கேள்வி: மேக்கில் ஈமாக்ஸ் எடிட்டர் பயன்படுத்துகிறேன். டெர்மினலில் லேடெக் நன்றாக ஓடுகிறது. ஈமாக்ஸுக்குள் கம்பைல் கொடுத்தால் ‘கமாண்டு நாட் ஃபவுண்ட்’ என்கிறது. மேக்குக்கான லேடெக் தொகுப்பான மேக்டெக்கை அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்தாயிற்று.

மறுபடி நிறுவியிருக்க வேண்டாம். டெர்மினலைத் திறக்கும்போது, புரோகிராம்களை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியலை ஷெல் (டெர்மினலுக்குள் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) தயார் செய்துகொள்கிறது. பாத் என்பது அந்தப் பட்டியல்தான். மேக்டெக்கின் ஃபோல்டர் அப்போதுதான் அதில் சேர்கிறது. ஐகானைச் சொடுக்கித் திறக்கும் ஈமாக்ஸ் அந்த ஷெல் வழியாக வருவதில்லை. ஆகவே அதன் பட்டியலில் ‘/லைப்ரரி/டெக்/டெக்பின்’ இருக்காது.

‘எக்ஸெக்-பாத்-ஃப்ரம்-ஷெல்’ என்ற பேக்கேஜைப் போட்டால் ஷெல்லிடம் கேட்டு அதே பட்டியலை எடுத்துக்கொள்ளும். கையால் எழுதுவதென்றால் ‘எக்ஸெக்-பாத்’ மாறியில் ஒருமுறை, பாத் என்ற சூழல் மாறியில் ஒருமுறை என இரண்டு இடத்திலும் சேர்க்க வேண்டும். ஈமாக்ஸின் லேடெக் பேக்கேஜான ஆக்டெக், ஷெல் வழியாக லேடெக்கைக் கூப்பிடுவதால், முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு ‘இன்னும் வரவில்லையே’ என்று முழிப்பவர்கள் நிறையப் பேர்.

விண்டோஸில் இதே தொல்லை வேறு விதமாக வரும். எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டே டெக் லைவ் என்ற லேடெக் தொகுப்பை நிறுவியிருந்தால், எடிட்டரிடம் இருப்பது பழைய பட்டியல். எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டுத் திறந்தால் சரியாகிவிடும். டெக் லைவுக்குப் பதில் மிக்டெக் தொகுப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லேடெக்கைத் தேவையான தடவை ஓட்டித் தரும் லேடெக்-எம்கே, பெர்ல் மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட். டெக் லைவ் விண்டோஸுக்குத் தேவையான பெர்லைத் தானே கொண்டுவருகிறது, மிக்டெக் கொண்டுவருவதில்லை. விஎஸ் கோடு எடிட்டரின் லேடெக் வொர்க்‌ஷாப் எக்ஸ்டென்ஷன் முதலில் கூப்பிடுவது லேடெக்-எம்கேயைத்தான். பெர்லைத் தனியாக நிறுவினால் போதும்.

கேள்வி: கம்பைல் பட்டனை அழுத்தினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிழைச்செய்தியும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை. கம்ப்யூட்டர் பழசு என்பதாலா?

கம்ப்யூட்டர் மேல் பழி போடாதீர்கள். லேடெக் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது. பிழை வந்தால் அது ஒரு கேள்விக்குறியைப் போட்டு நின்றுவிடும். டெர்மினலில் என்றால் நீங்கள் அதைப் பார்த்து எக்ஸ் அடித்து வெளியே வந்துவிடுவீர்கள். எடிட்டருக்குள் அந்தக் கேள்விக்குறி கண்ணில் படாத இடத்தில் நிற்கிறது.

எடிட்டர் கூப்பிடும் கமாண்டில் ‘இன்டராக்‌ஷன்=நான்ஸ்டாப்மோடு’ என்ற ஆப்ஷனைச் சேருங்கள். பக்கத்திலேயே ‘ஃபைல்-லைன்-எரர்’ ஆப்ஷனையும் போட்டுவிடுங்கள். அப்போது ஒவ்வொரு பிழையும் ஃபைல் பெயர், வரி எண், பிழை என்ற வரிசையில் வரும், எடிட்டரும் சரியான வரிக்குத் தாவும். லேடெக் வொர்க்‌ஷாப்பில் இவை ஏற்கெனவே இருக்கின்றன. யாரோ எழுதிய செட்டிங்ஸை எடுத்து ஒட்டும்போதுதான் பெரும்பாலும் காணாமல் போகின்றன.

இதற்குப் பிறகும் எடிட்டர் தப்பான வரியைக் காட்டினால் லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள். நீளமான வரிகளை, லேடெக்கின் அடியில் ஓடும் டெக் 79 எழுத்தில் உடைத்து எழுதும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்திருப்பவர்களின் ஃபைல் பெயர் நடுவில் ஒடிந்துவிடும், எடிட்டரால் அதை அடையாளம் காண முடியாது. டெக் லைவில் ‘மேக்ஸ்-பிரின்ட்-லைன்’ என்ற சூழல் மாறிக்கு 1000 என்று கொடுங்கள். பெயரில் ஹைஃபன் கிடையாது, அடிக்கோடு. இந்த ஒரு எண்ணுக்காக எடிட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

கேள்வி: தமிழில் ஒரு புத்தகம் தயாரிக்கிறேன். எடிட்டரில் தமிழ் சரியாகத் தெரிகிறது. பிடிஎஃப்பில் ஒருமுறை பிழை, ஒருமுறை வெற்றுப் பக்கம், இப்போது கொம்பு இடம் மாறி நிற்கிறது. எந்த செட்டிங்கை மாற்றுவது?

உங்களுக்கு வந்தவை மூன்று வேறு நோய்கள். நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்ப்போம்.

முதலில் வந்த பிழை, ‘க’ என்ற எழுத்து (யூனிகோடில் யூ+0பி95) லேடெக்கில் அமைக்கப்படவில்லை என்கிற மாதிரி இருந்திருக்கும். எடிட்டர் பிடிஎஃப்லேடெக் என்ற எஞ்சினை (லேடெக்கை ஓட்டும் புரோகிராம்) கூப்பிட்டிருக்கிறது. தமிழ் எழுத்துருக்களை அது நேரடியாகக் கையாளாது. ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் எஞ்சின் வேண்டும்.

அடுத்தது வெற்றுப் பக்கம். எஞ்சினை மாற்றிவிட்டீர்கள், எழுத்துருவைச் சொல்லவில்லை. இயல்பாக வரும் லத்தீன் எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை. லேடெக் இதைப் பிழையாகக் கருதாது, ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்று லாக்கில் எழுதிவிட்டுப் போய்விடும். பச்சை டிக் வந்தது என்று எடிட்டர் சொன்னாலும் லாக்கைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது, கொம்பு. ‘கொடி’ என்று அடித்தால் முதலில் ககரம், அப்புறம் கொம்பு, அப்புறம் கால் என்று பிடிஎஃப்பில் நிற்கிறதல்லவா? ஒகரக் குறி சேமிக்கப்படுவது மெய்யெழுத்துக்குப் பிறகுதான். அதைப் பிரித்துக் கொம்பை முன்னால் கொண்டுபோவது எழுத்துருவும் எஞ்சினும் சேர்ந்து செய்கிற வேலை. ஃபான்ட்ஸ்பெக் பேக்கேஜில் எழுத்துருவை அறிவிக்கும் இடத்தில் ‘ஸ்கிரிப்ட்=தமிழ்’ என்று போடாவிட்டால் அந்த வேலை நடக்காது. லுவாலேடெக் என்றால் கூடவே ‘ரெண்டரர்=ஹார்ஃப்பஸ்’ என்றும் சொல்லுங்கள். டெக் லைவ் 2020 முதல் லுவாலேடெக், எழுத்துகளைச் சரியான வடிவில் அடுக்கும் ஹார்ஃப்பஸ்ஸுடன் வருகிறது, அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் புதுப்பித்துவிடுங்கள். பல மொழிகளுக்கான பாலிகிளாசியா பேக்கேஜோடு வேலை செய்கிறீர்கள் என்றால் எழுத்துருக் குடும்பத்துக்கு ‘தமிழ்ஃபான்ட்’ என்று பெயர் வையுங்கள். தமிழ்ப் பகுதி வந்தவுடன் அது தேடும் பெயர் அதுதான்.

இவற்றில் எடிட்டருக்குச் சொல்ல வேண்டியது எஞ்சின் பெயர் மட்டுமே. அதைக்கூட எடிட்டருக்குள் புதைக்காதீர்கள் என்பது என் கட்சி. புத்தக ஃபோல்டரில் ‘லேடெக்-எம்கே-ஆர்சி’ என்ற செட்டிங்ஸ் ஃபைல் ஒன்றை வைத்து, அதில் ‘பிடிஎஃப்-மோடு’ மாறிக்கு ஸீலேடெக் என்றால் 5, லுவாலேடெக் என்றால் 4 என்று எழுதுங்கள். அப்புறம் எடிட்டர் வெறுமனே லேடெக்-எம்கேயைக் கூப்பிட்டால் போதும். ஒன்று கவனிக்க வேண்டும்: எடிட்டர் தன் கமாண்டிலேயே ‘பிடிஎஃப்’ ஆப்ஷனைச் சேர்த்து அனுப்பினால் அது உங்கள் ஆர்சி ஃபைலை மீறிவிடும். அந்த ஆப்ஷனை நீக்குங்கள். உங்களோடு சேர்ந்து எழுதுபவர் விம் எடிட்டர் வைத்திருந்தாலும், நீங்களே நாளைக்கு வேறு எடிட்டருக்குப் போனாலும் புத்தகம் அதேபடி கம்பைல் ஆகும்.

கேள்வி: விம்மில் தமிழ் அடித்துவிட்டு எஸ்கேப் அழுத்தினால், அடுத்து எந்தக் கமாண்டும் வேலை செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றி மாற்றிக் கை வலிக்கிறது.

விம் கமாண்டாக ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்தை எதிர்பார்க்கும் இடத்தில் உங்கள் கீபோர்டு தமிழ் எழுத்தை அனுப்புகிறது. விம்முக்கென்று ‘கீமேப்’ என்ற வசதி இருக்கிறது. அது நீங்கள் அடிக்கும் இன்சர்ட் மோடில் மட்டும் எழுத்தை மாற்றும், கமாண்டு கொடுக்கும் நார்மல் மோடைத் தொடாது. கன்ட்ரோலோடு கூம்புக்குறியை (^) அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். உங்களுக்குப் பழகிய விசைப்பலகை அமைப்பில் கீமேப் ஃபைல் ஒன்று எழுதிக்கொள்வதில் ஒரு மாலை போகும், அப்புறம் நிம்மதி. லினக்ஸில் எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு வழி: இன்சர்ட் மோடை விட்டு வெளியேறும்போதெல்லாம் அதை அணைக்கும்படி ஒரு ஆட்டோகமாண்டு போட்டுவிடலாம்.

ஈமாக்ஸ்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. தமிழ் உள்ளீட்டு முறை அதற்குள்ளேயே இருக்கிறது, கன்ட்ரோலோடு பேக்ஸ்லாஷ் அழுத்தி மாற்றிக்கொள்வார்கள்.

கேள்வி: ஒவ்வொரு அத்தியாயமும் தனி ஃபைல். அத்தியாயத்தைத் திருத்திவிட்டு கம்பைல் கொடுத்தால் ‘மிஸ்ஸிங் பிகின் டாக்குமென்ட்’ என்கிறது. முதன்மை ஃபைலுக்குப் போய்த்தான் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். அத்தியாய ஃபைலின் முதல் வரியில் சதவீதக் குறி போட்டு, ஆச்சரியக்குறியோடு ‘டெக் ரூட்’, சமக்குறி, முதன்மை ஃபைலின் பெயர் என்று எழுதுங்கள். லேடெக்குக்கு அது வெறும் கமென்ட். டெக்ஸ்டூடியோ, டெக்வொர்க்ஸ், லேடெக் வொர்க்‌ஷாப், விம்டெக் எல்லாம் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும். ஆக்டெக் மட்டும் தனி வழி. ஃபைலின் அடியில் ‘லோக்கல் வேரியபிள்ஸ்’ பகுதியில் ‘டெக்-மாஸ்டர்’ என்று எதிர்பார்க்கும். டெர்மினலில் நீங்கள் நேரடியாக லேடெக்-எம்கேயைக் கூப்பிட்டால் அது இந்த வரியைக் கண்டுகொள்ளாது.

கேள்வி: பிடிஎஃப்பில் ஒரு எழுத்துப் பிழையைப் பார்த்தால், அங்கே சொடுக்கியதும் எடிட்டரில் அந்த வரி வர வேண்டும். நண்பர் கம்ப்யூட்டரில் வருகிறது, என்னுடையதில் வரவில்லை.

உங்கள் பிடிஎஃப் வியூவர் எது என்று சொல்லவில்லையே. அக்ரோபேட் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பிடிஎஃப்பையும் எடிட்டரையும் வரிக்கு வரி இணைக்கும் சிங்க்டெக் வசதியை அது ஆதரிப்பதில்லை. விண்டோஸில் அது பிடிஎஃப்பைப் பூட்டியும் வைத்துக்கொள்வதால், வியூவர் திறந்திருக்கும்போது கம்பைல் செய்தாலே பிழை வரும். மேக்கின் பிரிவியூவிலும் சிங்க்டெக் கிடையாது.

விண்டோஸில் சுமத்ரா, மேக்கில் ஸ்கிம், லினக்ஸில் ஜதுரா அல்லது ஓக்குலார் வைத்துக்கொள்ளுங்கள். கம்பைல் கமாண்டில் ‘சிங்க்டெக்=1’ இருக்க வேண்டும். இருந்தால் பிடிஎஃப்புக்குப் பக்கத்தில் ‘சிங்க்டெக்.ஜிஇசட்’ என்று முடியும் அமுக்கப்பட்ட ஃபைல் ஒன்று வந்திருக்கும். அதுவும் இருக்கிறது, இன்னும் தாவவில்லை என்றால், எந்த எடிட்டரைத் திறப்பது என்று வியூவருக்குச் சொல்லவில்லை என்று பொருள். சுமத்ராவின் செட்டிங்ஸில் எடிட்டரின் கமாண்டை எழுதி, ஃபைலுக்கு ‘%எஃப்’, வரிக்கு ‘%எல்’ என்று இடம் விடுங்கள். எடிட்டர் இருக்கும் ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட மறக்காதீர்கள். சொடுக்குவதிலும் ஆளுக்கொரு வழக்கம். சுமத்ராவில் இருமுறை சொடுக்க வேண்டும், ஜதுராவில் கன்ட்ரோலோடு, ஓக்குலாரில் ஷிஃப்டோடு, ஸ்கிம்மில் ஷிஃப்ட்டும் கமாண்டும் சேர்த்து.

தாவுகிறது, ஆனால் எப்போதும் பத்தியின் தொடக்கத்துக்கே போகிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். சிங்க்டெக் வரிக் கணக்கில் வேலை செய்கிறது. முழுப் பத்தியையும் ஒரே வரியாக அடித்து எடிட்டரில் மடித்துக் காட்டச் சொல்லியிருந்தால், அதற்குத் தெரிவது ஒரே வரி. வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிப் பழகுங்கள். லேடெக் அவற்றைச் சேர்த்து ஒரே பத்தியாகத்தான் அச்சிடும். மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளில் போட்டு வைப்பவர்களுக்கும் எந்த வாக்கியம் மாறியது என்று பளிச்சென்று தெரியும்.

கேள்வி: மேற்கோள் எண்கள் வர வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தில் ஏதோ சொற்கள் நிற்கின்றன.

அவை நீங்கள் வைத்த மேற்கோள் குறிப்புப் பெயர்கள்தான். மேற்கோள்களுக்கு பிப்லேடெக் பேக்கேஜைப் பயன்படுத்துகிறீர்கள், அதற்கு பைபர் என்ற புரோகிராம் ஓட வேண்டும், உங்கள் எடிட்டர் பழைய பிப்டெக்கை ஓட்டுகிறது. லேடெக்-எம்கேயிடம் விட்டால் எதை எத்தனை முறை ஓட்டுவது என்று அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: சேமித்தவுடன் தானாகக் கம்பைல் ஆகும்படி வைத்திருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் பிழைகள் குவிகின்றன.

விஎஸ் கோடில் தானாகச் சேமிக்கும் வசதியையும் போட்டிருப்பீர்கள். இயல்பாக 1000 மில்லி விநாடி கழித்து அது சேமிக்கும். நீங்கள் ஒரு கட்டளையின் அடைப்புக்குறியை மூடாமல் யோசிக்க ஆரம்பித்தாலே கம்பைல் கிளம்பிவிடும். இரண்டில் ஒன்றை அணையுங்கள். பெரிய புத்தகம் என்றால் நான் தானியங்கிக் கம்பைலைத்தான் அணைப்பேன். அத்தியாயங்களை ‘இன்க்ளூட்’ கொண்டு சேர்த்திருந்தால், ‘இன்க்ளூட்ஒன்லி’யில் இப்போது எழுதும் அத்தியாயத்தை மட்டும் கொடுங்கள். மற்றவற்றை முன்பே ஒருமுறை முழுதாகக் கம்பைல் செய்திருந்தால் பக்க எண்கள் குலையாது.

கேள்வி: புரோகிராம் வரிகளை வண்ணத்தில் காட்டும் மின்டெட் பேக்கேஜுக்கு ‘ஷெல்-எஸ்கேப்’ வேண்டும் என்கிறது. எடிட்டர் செட்டிங்ஸில் நிரந்தரமாகப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். அந்த ஆப்ஷன் இருந்தால் லேடெக் ஃபைலுக்குள் இருந்து உங்கள் கம்ப்யூட்டரில் எந்தக் கமாண்டையும் ஓட்டலாம். யாரோ அனுப்பிய டெம்ப்ளேட்டைத் திறந்து சேமித்தாலே, தானாகக் கம்பைல் ஆகி, அதில் எழுதியிருப்பதெல்லாம் ஓடிவிடும். டெக் லைவ் 2024-உம் மின்டெட் 3-உம் இருந்தால் இந்த ஆப்ஷனே தேவையில்லை, கட்டுப்படுத்தப்பட்ட அனுமதியிலேயே வேலை நடக்கும். பழைய பதிப்பை விட முடியாதவர்கள், மின்டெட் பயன்படுத்தும் அந்த ஒரு புராஜெக்டின் லேடெக்-எம்கே-ஆர்சியில் மட்டும் அதை எழுதிக்கொள்ளுங்கள்.