நாளைக்கே நோட்டீஸ் விட்டுடாதீங்க

உங்க வால்வுக்கு பேட்டண்ட் கிடைச்சு ரெண்டு வருஷமாச்சு, இப்ப ஒரு கம்பெனி அச்சு அசலா அதையே விக்கிறாங்க, நாளைக்கே நோட்டீஸ் விடலாமான்னு கேட்டிருந்தீங்க. கொஞ்சம் பொறுங்க நண்பா. முதல்ல அவங்க வால்வ் ஒண்ணைக் காசு கொடுத்து வாங்கி பில்லோட பத்திரமா வைங்க, அப்புறம் உங்க பேட்டண்ட்ல க்ளெய்ம் 1, அதாவது எதுக்கு உரிமை கேக்குறீங்கன்னு எழுதியிருக்கிற முதல் பத்தியை எடுத்து வரி வரியா ஒப்பிட்டுப் பாருங்க, க்ளெய்ம்ல ஸ்ப்ரிங், டயஃப்ரம், பூட்டு வளையம்னு மூணு இருந்து அவங்ககிட்ட வளையம் மட்டும் இல்லன்னா கூட கேஸ் ஆட்டங்காண ஆரம்பிச்சிடும். பாக்க ஒரே மாதிரி இருக்குங்கிறது கோர்ட்ல எடுபடாது.

எந்த நாட்டு பேட்டண்ட்னு சொல்லவே இல்லையே? அது அந்த நாட்டுக்குள்ள மட்டும்தான் செல்லும். இந்தியா, பிரிட்டன் மாதிரி இடத்துல ஆதாரமில்லாம மிரட்டினா அவங்களே உங்க மேல கேஸ் போடலாம், அதான் பொறுங்கன்னேன்.

கோர்ட்ல தடை உத்தரவு, நஷ்ட ஈடு கேக்கலாம். இந்தியால நஷ்ட ஈட்டுக்குப் பதிலா அவங்க சம்பாதிச்ச லாபத்தையும் கேக்கலாம், ரெண்டுல ஒண்ணுதான். அமெரிக்கால 2006-ல ஈபே கம்பெனி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்புக்கு அப்புறம் ஜெயிச்சாலும் தடை தானா வந்துடாது.

இன்னொண்ணு, எதிராளி சும்மா இருக்க மாட்டாங்க, உங்க பேட்டண்டே செல்லாதுன்னு எதிர்வழக்கு போடுவாங்க, இந்தியால அப்படிப் போட்டா மாவட்ட கோர்ட்ல இருக்கிற கேஸ் ஹைகோர்ட்டுக்குப் போயிடும். ஆனா பொறுக்கிறேன்னு நீங்க மாசக்கணக்குல இழுத்தடிச்சா இடைக்காலத் தடை கிடைக்கிறது கஷ்டம், அதனால ஒப்பீட்டை இந்த வாரமே முடிச்சு வக்கீலைப் பாருங்க.