வியாசர்பாடி மாடியில் புழுக்கள் கறுத்துச் சாவது பற்றி

வணக்கம் அக்கா. கறிவேப்பிலை போட்டு வளர்த்த எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் ஒரே வாரத்தில் கறுத்து, தண்ணீராக ஒழுகிச் செத்துவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் தண்டையார்பேட்டை மாடியில் இதே நடந்தது, அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

முதல் சந்தேகம் இலைமேல்தான். கடையில் வாங்கும் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து இருக்கும், கழுவினாலும் முழுசாகப் போகாது, அதனால் மருந்தடிக்காத உங்கள் தொட்டிச் செடியின் இலையை மட்டும் போடுங்கள். அப்புறம் நெரிசல். ஒரு டப்பாவில் நாலைந்துக்கு மேல் வேண்டாம், எச்சத்தைத் தினமும் தட்டிவிடுங்கள், செத்ததை உடனே எடுத்துவிட்டு டப்பாவை பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி வெயிலில் காயவையுங்கள். நல்ல புழு தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், ஒரு வாடையும் வரும். தொட்டும் அசையாமல் தொங்கினால் தனியே வையுங்கள்.

கென்யாப் பெண்கள் மாதிரி உங்கள் குழுவும் கூட்டுப்புழு விற்கலாமா என்றும் கேட்டீர்கள். அங்கே 1993இல் தொடங்கிய கிபெபியோ திட்டம் அரபுக்கோ சொகோகே காட்டோரத்து மக்களிடம் கூட்டுப்புழுக்களை வாங்கி வெளிநாட்டு வண்ணத்துப்பூச்சிக் கூடங்களுக்கு அனுப்புகிறது. வாங்க ஆள் இருப்பதால்தான் அது ஓடுகிறது. இங்கே சில வகைகளுக்கு 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு, வனத்துறையிடம் கேட்காமல் ஒன்றுகூட விற்காதீர்கள். கல்யாணத்தில் பறக்கவிடக் கேட்பார்கள், தயவுசெய்து கொடுக்காதீர்கள், பாவம் அவை. என்னைக் கேட்டால் கறிவேப்பிலை, எலுமிச்சை நாற்றுகளைப் புழுவோடு பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டி, நாற்றை விற்றுப் பாருங்கள்.