கோணிப்போன விரல்கள்

கேள்வி: சினிமா, அரசியல் ரெண்டையும் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லுங்கள், நீங்கள் மனசார வியக்கும் ஆள் யார்? (வாசகி, தேனி)

பதில்: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணி, பேனா பிடிக்கவே பாடுபட்டவர், அதே விரல்களுக்குக் கத்தியைப் பழக்கி லட்சம் கண் அறுவைகளுக்கு மேல் செய்தார் என்று கேட்டபோது, கதை விடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நிஜம்தான். அப்புறம் அரசு வேலையில் ஓய்வு பெற்று, ஈஸிசேரில் சாயாமல், 1976இல் 11 படுக்கையோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். பணம் உள்ளவர்கள் கட்டுகிற காசில் இல்லாதவர்களுக்கும் கண்புரை நீங்கியது. புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லையா, சரி, 1992இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி மதுரையிலேயே செய்தார்கள். தியாகி என்று கும்பிடுவதைவிட, இந்தக் கணக்குப் புத்திக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.