முதல் ரீடிங்கிலேயே டிஎன்ஏ மடிந்து முடித்தால் வேகத்தை எப்படி அளப்பது?

கேள்வி: முதுநிலை உயிர்வேதியியல் படிக்கிறேன். சைட்டோசின் (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) நிறைந்த டிஎன்ஏ இழை, அமிலத்தில் ஐ-மோட்டிஃப் என்ற நான்கு-இழை வடிவமாக மடியும் வேகத்தை அளப்பதுதான் என் புராஜெக்ட். பிஎச் 8-இலிருந்து 5.5-க்கு இறக்கி, குவெட் என்ற ஒளி புகும் சிறு கலத்தில் கையால் கலந்து, 295 நானோமீட்டர் ஒளியின் உறிஞ்சலைப் பார்க்கிறேன். முதல் ரீடிங்கிலேயே கோடு தட்டையாகிவிடுகிறது. வேலூரில் ஒரு புராஜெக்ட் சென்டர், சாம்பிளைக் கொடுத்தால் வேக மாறிலியோடு கிராஃப் தருவதாகச் சொல்கிறது. கொடுக்கலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கொடுக்காதீர்கள். அந்த கிராஃபை வைவாவில் உங்களால் விளக்க முடியாது.

உங்கள் டிஎன்ஏவில் கோளாறு இல்லை. கையால் கலந்து மூடியைச் சாத்துவதற்குள் சில நொடிகள் போய்விடும். பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு வந்தவர் அதன் வேகத்தைச் சொல்ல முடியாது அல்லவா? ஐ-மோட்டிஃப் மடிய எடுக்கும் நேரம், வரிசையையும் பிஎச்சையும் பொறுத்து மில்லி நொடிகளிலிருந்து நிமிடங்கள் வரை மாறும். ஒன்றிரண்டு மில்லி நொடியில் கலந்து அளக்கும் ஸ்டாப்ட் ஃப்ளோ கருவிதான் உங்களுக்கு வேண்டும்.

கருவி கிடைக்கும் வரை பிஎச்சை 5.5-க்குப் பதில் 6, 6.2 என்று வைத்துப் பாருங்கள். மடிப்பைப் பிடித்து வைப்பது, பாதி சைட்டோசின்கள் புரோட்டான் ஏற்று உருவாகும் ஜோடிகள். அமிலம் குறைந்தால் பல வரிசைகளில் மடிதல் மெதுவாகும், கண்ணுக்கும் சிக்கும். கலந்த பிறகு அந்தத் திரவத்தின் பிஎச்சைக் கட்டாயம் அளந்து குறியுங்கள்; பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) பாட்டிலில் ஒட்டிய எண்ணை நம்பாதீர்கள். வெப்பநிலையையும் கட்டுப்படுத்துங்கள். நம் ஊர் மே மாதச் சூட்டில் கிடந்த குவெட்டும் 25 டிகிரி குவெட்டும் ஒரே விடை தராது, சூட்டில் மடிப்பு தளரும்.

இன்னொன்று: மடியாவிட்டாலும் புரோட்டான் ஏறினாலே சைட்டோசினின் உறிஞ்சல் மாறும். அதனால் அதே எண்ணிக்கை சைட்டோசின்களை இடம் மாற்றிக் கோர்த்த, மடியாத இழை ஒன்றையும் அதே முறையில் ஓட்டுங்கள்.

மடிதலை ஒளி மாற்றத்தில் காட்டும் என்று, ஒளிரும் சாயம் ஒட்டிய டிஎன்ஏ வாங்கச் சொல்லி விற்பனை முகவர்கள் வருவார்கள். விலைப் பட்டியலில் ஃபுளோரசீன்தான் முன்னால் நிற்கும், வாங்காதீர்கள். அந்தச் சாயத்தின் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் புரோட்டான் ஏற்றிருக்கும் பிஎச், சுமார் 6.4. நீங்கள் 8-இலிருந்து 5.5-க்கு இறங்கும்போது டிஎன்ஏ மடிந்தாலும் மடியாவிட்டாலும் அதன் ஒளி மங்கும். மங்கலைப் பார்த்து ‘மடிந்துவிட்டது’ என்று எழுதினால், நீங்கள் அளந்தது சாயத்தின் அமில வினையை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், அந்தச் சாயம் மட்டும் ஒட்டிய, மடியாத இழையை அதே பிஎச் தாவலில் ஓட்டிப் பாருங்கள். அதிலும் ஒளி விழுந்தால் சாயத்தை மாற்றுங்கள். இந்த பிஎச் எல்லையில் சை3, சை5 போன்ற சாயங்கள் பாதுகாப்பானவை.

புராஜெக்ட் சென்டர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பஃபரை மட்டும் கலந்து எடுத்த ஓட்டமும், சமன்பாட்டு வளைவு பொருத்தாத மூலத் தரவும் தருவார்களா? அழகான வளைவை மட்டும் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான தரவில் இரைச்சல் இருக்கும்.

ஒரே செமஸ்டரில் முடிவு காட்டச் சொல்லிவிட்டு, கருவிக்குக் கடிதம் எழுதினால் கையெழுத்துக்கு மாதக்கணக்கில் அலைய விடுகிறது நம் அமைப்பு. மாணவர்களை இந்தக் கடைகளுக்குத் தள்ளுவதே அதுதான். எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. 2020-இல் மத்திய அரசு தொடங்கிய ஐ-ஸ்டெம் இணையதளத்தில், எந்த நிறுவனத்தில் என்ன கருவி இருக்கிறது என்று தேடலாம். சென்னை, பெங்களூரு இரண்டுக்கும் காட்பாடியிலிருந்து ரயில் உண்டு. டிஎன்ஏவை உலர்ந்த நிலையில் கொண்டுபோங்கள், வழியில் கெடாது. பஃபரை அங்கே போன பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைக்காவிட்டால், ‘பிஎச் 5.5-இல் மடிதல், கையால் கலக்கும் நேரத்தைவிட வேகமானது’ என்று அறிக்கையில் எழுதி, 6.2-இல் எடுத்த தரவைக் கீழே வையுங்கள்.