கத்தியை இரண்டு முறை பார்த்தவர்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகளுக்கு ‘ரோமியோ ஜூலியட்’ பாடம். துறவி லாரன்ஸ் குற்றவாளியா, விதியின் பலியா என்று கட்டுரை எழுத வேண்டுமாம். நல்ல நோக்கத்தோடுதானே அவர் ரகசியக் கல்யாணம் செய்து வைத்தார்? கடிதம் போய்ச் சேராதது அவர் தப்பா? மகளுக்கு எப்படி விளக்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கட்டுரை எழுத வேண்டியது உங்கள் மகள். அவளை எழுத விடுங்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த லாரன்ஸ் என்னை வெகுநாளாக விடாமல் பிடித்திருக்கிறார்.

கடிதத்தை விட்டுத் தள்ளுங்கள். ஜூலியட் சாகவில்லை, மருந்தில் உறங்குகிறாள் என்று நாடுகடத்தப்பட்ட ரோமியோவுக்கு லாரன்ஸ் எழுதியது அது. அவன் இருந்த மாண்டுவா நகருக்கு அதைக் கொண்டுபோக வேண்டிய துறவி ஜானை, கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். யார் என்ன செய்ய முடியும்? அவசரக் கல்யாணமும் எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. ‘நிதானம், வேகமாக ஓடுகிறவன் தடுக்கி விழுவான்’ என்று ரோமியோவிடம் சொல்லிவிட்டு அன்று பிற்பகலே மாலை மாற்ற வைக்கிறார். இரண்டு வீட்டுப் பகையும் தீரும் என்ற ஆசை. நம் பெரியவர்கள் செய்யாததா?

நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்த ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் காவியம் முன்னுரையிலேயே இத்தகைய துறவிகளை வசைபாடுகிறது. ஷேக்ஸ்பியரோ அவரை விடியற்காலையில் கூடையோடு மூலிகை பறிக்கும் கிழவராக்கிவிட்டார். பெற்றோர் கைவிட்டு, செவிலியும் ‘வீட்டில் பார்த்த மாப்பிள்ளை பாரிஸையே கட்டிக்கொள்’ என்று சொன்ன பிறகு, ஜூலியட்டுக்குத் திறந்திருந்தது அவர் கதவு ஒன்றுதான்.

நான் பி.ஏ. படித்தபோது ஆண்டு விழாவில் கடைசிக் காட்சியை மட்டும் போட்டோம். நான்தான் லாரன்ஸ். நடிப்புக்காக அல்ல, உயரத்துக்காக. ஹாஸ்டல் போர்வையில் அங்கி, இடுப்பில் திரைச்சீலைக் கயிறு. ஜூலியட், மீசை அரும்பாத ஒரு முதலாண்டுப் பையன். கல்லறையில் கண் விழித்ததும் அவள் முதலில் அழைப்பது கணவனை அல்ல, இவரை. ‘ஆறுதல் தரும் துறவியே’ என்கிறாள். அடுத்த பத்துப் பன்னிரண்டு வரிகளுக்குள் அந்த ஆறுதல் வெளியே போய்விட வேண்டும். எனக்குக் கால் நகரவில்லை. ‘போய்த் தொலைடா!’ என்று பேராசிரியர் கத்தினார். இவளை விட்டுவிட்டு இவர் எப்படி சார் போவார் என்று கேட்டேன். சத்தம் கேட்டது, பயந்துவிட்டார், அவ்வளவுதான் என்றார்.

அவ்வளவுதான் இல்லை. நீங்கள் ‘நல்ல நோக்கம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். ரோமியோ அவர் அறையில் கத்தியை உருவியபோது ‘நீ ஆண்பிள்ளையா?’ என்று நீளமாகத் திட்டித் தடுத்தவர் அவர். ஜூலியட்டும் அதே அறையில் கத்தியோடு நின்றாள், பதினான்கு வயதுகூட நிரம்பாத பெண். ‘சாகவே துணிந்துவிட்டாயென்றால் சாவைப் போன்ற ஒன்றையும் தாங்குவாய்’ என்று சொல்லித்தான் 42 மணி நேரம் பிணம்போல் உறங்கவைக்கும் மருந்தையே கொடுத்தார். அவளுடைய சாகத் துணிந்த மனம்தான் அவர் திட்டத்துக்கு மூலதனம். அப்படிப்பட்டவர், அவள் இறந்துவிட்டாள் என்று நம்பி விஷம் குடித்துச் செத்துக் கிடக்கும் கணவனுக்குப் பக்கத்தில், அவன் இடுப்பில் கத்தி இருக்கும்போது, ‘வா, உன்னைக் கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுகிறேன், இனி நான் நிற்கத் துணியேன்’ என்கிறார். வரமாட்டேன் என்கிறாள். அவர் போய்விடுகிறார். அவள் அந்தக் கத்தியாலேயே குத்திக்கொண்டு சாகிறாள். அவளை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். முடியாவிட்டால் கூட உட்கார்ந்திருக்கலாம். காவல்காரர்கள் வந்து பிடித்தால் பிடிக்கட்டுமே. எப்படியும் பிடித்தார்கள்.

அப்புறம் இளவரசன் முன்னால் ‘சுருக்கமாகச் சொல்கிறேன்’ என்று ஆரம்பித்து நாற்பது வரி பேசுகிறார். கல்யாணம், மருந்து, கடிதம் எல்லாம் விவரமாக வருகிறது. குற்றம் தன்னுடையதென்றால் உயிரையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறார், அது பெரிய மனசு. ஆனால் ஓடியதற்கு ஒரே வரி, ‘ஒரு சத்தம் என்னைக் கல்லறையிலிருந்து விரட்டியது’. சத்தம் விரட்டியதாம். இளவரசனும் ‘உம்மை எப்போதும் புனிதர் என்றே அறிவோம்’ என்று முடித்துவிடுகிறான்.

மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். நான்காம் அங்கத்தின் முதல் காட்சியையும் ஐந்தாம் அங்கத்தின் கடைசிக் காட்சியையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பரீட்சையில் விதி என்றே எழுதட்டும். மார்க் அதற்குத்தான் வரும்.